அவருடைய மதியச் சாப்பாடு உங்கள் கொப்பிக்கு வந்துவிட்டது

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் சொந்த அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் கொம்பனியில் 31 வருடங்கள் வேலை செய்துவிட்டு, மார்ச் மாத முடிவில் 60 வயதில் இளைப்பாறினார். வேலையில் இருந்தபோது வீட்டுச் செலவுக்கென்று மாதம் 85,000 ரூபா என் கையில் தருவார். நான் அதற்குள் சமாளித்துவிடுவேன். இப்போது அந்தப் பணம் போதவில்லை. போன மாதம் 112,000 ரூபா ஆகிவிட்டது. "வேலைக்குப் போகாவிட்டால் செலவு குறையும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நம் வீட்டில் மட்டும் ஏன் கூடுகிறது?" என்று கேட்கிறார். கடைப் பில்களை எடுத்துவைத்துப் பார்க்கிறார். இத்தனை வருடமும் ஒரு சதத்துக்குக்கூடக் கணக்குக் கேட்காத மனிதர். சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், பணிக்கொடை எல்லாம் சேர்த்துக் கிடைத்த 110 இலட்சம் ரூபாவை வங்கியில் 8 சதவீத வட்டிக்கு ஒரு வருட நிலையான வைப்பில் போட்டிருக்கிறோம். மாதம் 66,000 ரூபா வருகிறது. கனடாவில் இருக்கும் மகன் 50,000 ரூபா அனுப்புகிறான். இது போதாது, ஒரு நிதி நிறுவனம் 11 சதவீதம் தருகிறது, முழுப் பணத்தையும் அங்கே மாற்றப்போகிறேன் என்கிறார். நான் எங்கே தவறு செய்கிறேன்? வீட்டுச் செலவு எழுதும் கொப்பியின் ஆறு மாதப் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் கடிதத்தின் முடிவில் நீங்கள் கேட்டிருந்த அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. கணக்காளராக வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்களின் வரவுசெலவைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்ட கொப்பி என் கைக்கு வந்தது அபூர்வம். தேங்காய் விலை ஏறிய வாரங்களில் நீங்கள் வாங்கிய காய்கள் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்திருக்கின்றன, அதே வாரங்களில் புளி கூடியிருக்கிறது. சொதி இருந்த இடத்தில் ரசம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இப்படிக் குடும்பம் நடத்துகிற ஒருவரிடம் கை தாராளம் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

85,000 ரூபாவுக்கும் 112,000 ரூபாவுக்கும் இடையிலுள்ள 27,000 எங்கே போனது என்று கொப்பியிலிருந்தே எடுத்துப் பார்த்தேன். அரிசி, மரக்கறி, மீன், பால்மா, தேயிலை, சீனி என்று சமையலறைக்குள் போனது 9,000. மருந்துக் கடைக்கு 7,500. அவருடைய கைத்தொலைபேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் 4,000. மின்சாரம் 3,000. காலைப் பத்திரிகைக்கும் ஓட்டோவுக்கும் 2,500. எரிவாயு 1,000, முன்பு ஏழு வாரம் நின்ற சிலிண்டர் இப்போது ஐந்து வாரத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த ஆறையும் ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆறில் ஒன்றுகூடப் புதிய செலவு கிடையாது. அவர் வேலையில் இருந்தபோதும் மத்தியானம் சாப்பிட்டார், மருந்து குடித்தார், தொலைபேசியில் பேசினார், பத்திரிகை படித்தார், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். அப்போது தொலைபேசிக் கட்டணத்தைக் கொம்பனி கட்டியது. மருந்துச் செலவைக் கொம்பனியின் மருத்துவக் காப்புறுதி திருப்பித் தந்தது. பத்திரிகை அலுவலக மேசைக்கு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்தார். அது உங்கள் கொப்பியைத் தொட்டதே இல்லை. ஏப்ரல் முதலாம் திகதி அவர் வீட்டில் உட்கார்ந்தபோது இவை எல்லாம் அவருக்குப் பின்னால் படியேறி வந்து உங்கள் கொப்பிக்குள் நுழைந்துவிட்டன.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்பில் இருக்கிறது. ஒரு படியைத் தாண்டினால் அதற்கு மேலான அலகுகளின் விலையும் மாத நிலையான கட்டணமும் சேர்ந்து உயர்கின்றன. பகல் முழுவதும் ஒரு மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடுவதால் கூடும் அலகுகள் கொஞ்சம்தான். ஆனால் நீங்கள் முன்பு ஒரு படியின் விளிம்பில் நின்றிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் உங்களை அடுத்த படிக்குத் தள்ளியிருக்கிறது. பில்லில் இருக்கும் அலகுகளைப் பார்த்து அந்த விளிம்புக்குக் கீழே இறங்க முயலுங்கள். அயன் பண்ணுவதை வாரத்தில் ஒரு நாளாக்கினாலே சில வீடுகளில் இறங்கிவிடுகிறது.

இனி அவருடைய பக்கம். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை, உங்களிடமும் இருந்ததில்லை. கோட்டையில் வேலை செய்யும் ஒருவருக்கு இன்றைய விலையில் என்ன பிடிக்கும் என்று நானாகப் போட்டுப் பார்த்தேன். பிழை இருந்தால் அவரே திருத்தட்டும். சோற்றுப் பார்சலும் இரண்டு தேநீரும் நாளைக்கு 700 ரூபா என்றால் 22 வேலைநாட்களுக்கு 15,400. ரயில் சீசன் டிக்கெட், மழை நாளில் ஓட்டோ, இடைக்கிடை பஸ், எல்லாமாக 6,000. மாலையில் வரும் வழியில் வாங்கிவரும் பற்றீசுக்கும் பழத்துக்கும் 5,000. அலுவலகத்தில் ஒருவருக்குக் கலியாணம், இன்னொருவருக்குப் பிரியாவிடை, யாரோ ஒருவருடைய தகப்பனுக்கு மலர்வளையம் என்று சேர்க்கும் பணம் 4,000. உடுப்பு, சப்பாத்து, சலவைக்கு 3,000. மொத்தம் 33,400 ரூபா.

அவருடைய பையிலிருந்து வெளியே போவது 33,400 ரூபாவால் குறைந்திருக்கிறது. உங்கள் கொப்பியில் 27,000 கூடியிருக்கிறது. குடும்பத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால் மாதச் செலவு 6,400 ரூபாவால் இறங்கியிருக்கிறது. எல்லாரும் சொல்வது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. இறங்கிய பாதியை எழுதிவைக்க ஆள் இல்லை, ஏறிய பாதியை நீங்கள் சதம் தவறாமல் எழுதிவைத்திருக்கிறீர்கள். நேர்மையாகக் கணக்கு எழுதியவர் மீது பழி விழுந்ததுதான் இதில் எனக்குப் பொறுக்காத விடயம்.

பொருளியல் அறிஞர்களையும் இந்த விடயம் நீண்ட காலம் தடுமாற வைத்தது. உழைக்கும் காலத்தில் சேமித்து, உழைப்பு நின்ற பிறகு அதை எடுத்து, வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே தரத்தில் வாழவே மனிதர்கள் முயல்கிறார்கள் என்று விளக்கியவர் பிராங்கோ மோடிலியானி. சேமிப்பைப் பற்றிய அந்த ஆய்வுக்காகவும் அவருக்கு 1985இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குடும்பச் செலவுத் தரவுகளை எடுத்துப் பார்த்தவர்களுக்கு, இளைப்பாறிய உடனேயே செலவு சட்டென்று இறங்குவது தெரிந்தது. அப்படியானால் மக்கள் போதிய அளவு சேமிக்காமல் அரை வயிற்றோடு இருக்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. 2005இல் மார்க் அகியார், எரிக் ஹர்ஸ்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், மக்கள் உணவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு நிற்காமல், உண்மையில் என்ன சாப்பிட்டார்கள் என்று குறித்துவைத்த பதிவுகளையும் பார்த்தார்கள். இளைப்பாறிய வீடுகளில் உணவுச் செலவு 17 சதவீதம் குறைந்திருந்தது. சாப்பிட்ட உணவின் அளவும் தரமும் குறையவில்லை. உணவுக்காகச் செலவிட்ட நேரம் மட்டும் 53 சதவீதம் கூடியிருந்தது. கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் வீட்டில் சமைத்தார்கள். கண்ட விலைக்கு வாங்கியவர்கள் விலை விசாரித்து வாங்கினார்கள். பணத்தின் இடத்தை நேரம் எடுத்துக்கொண்டது.

அந்த நேரம் யாருடையது என்று நம் வீடுகளில் கேட்க வேண்டும்.

உங்கள் கொப்பியில் ஏப்ரலுக்கு முன்பு மீன் வாரத்துக்கு இரண்டு தடவை இருக்கிறது. இப்போது ஐந்து தடவை. முன்பு காலையில் அவருக்கு இடியப்பமும் சம்பலும் கொடுத்து அனுப்பிவிட்டு, மத்தியானம் நீங்கள் தனியாக, இருந்ததைச் சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது சோறும் மூன்று கறியும் பன்னிரண்டரைக்கு மேசையில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு ஒரு தேநீர், நாலு மணிக்கு ஒன்று, பார்க்க வருகிற பழைய நண்பர்களுக்கு ஒன்று. 15,400 ரூபா சோற்றுப் பார்சலும் தேநீரும் நின்றுபோய், 9,000 ரூபாச் சாமானாக உங்கள் அடுப்புக்கு வந்திருக்கிறது. இடையிலுள்ள 6,400 ரூபாவை மிச்சப்படுத்தியது உங்கள் கைகள். குடும்பம் மொத்தமாக மிச்சம் பிடித்த தொகையும் அதே 6,400 என்பதைக் கவனியுங்கள். அந்தக் கைகளுக்கு ஓய்வூதியமும் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது.

என் தந்தை அரசாங்க எழுதுவினைஞர். அவர் இளைப்பாறும்வரை என் தாயார் மத்தியானத்தில் அரை மணி நேரம் பாயைப் போட்டுச் சாய்வார். வானொலி மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருக்கும். தந்தை இளைப்பாறிய வருடத்தில் அந்தப் பாய் விரிக்கப்படவில்லை. அப்போது நான் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் செலவு குறைந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றதை நான் கவனித்தது பல வருடங்கள் கழித்து, அம்மா போன பிறகுதான். அதனால் இந்தக் கடிதம் உங்களை விட உங்கள் கணவருக்கே அதிகம் எழுதப்படுகிறது. அவரும் இதைப் படிக்கட்டும்.

ஐயா, சந்தையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்கு வெள்ளவத்தைச் சந்தையில் மீன் எப்படி இருக்கும், பதினொரு மணிக்கு எப்படி இருக்கும், மாலையில் மரக்கறி என்ன விலைக்கு இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ள இப்போது உங்களிடம் நேரம் இருக்கிறது. பருப்பு, செத்தல் மிளகாய், மல்லி, அரிசி ஆகியவற்றை மாதத்துக்கு ஒரு தடவை புறக்கோட்டையில் வாங்குங்கள். 31 வருடங்கள் போய்வந்த அதே ரயில்தான், இல்லாவிட்டால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ். ஒரு எச்சரிக்கை: புதிதாகச் சந்தைக்குப் போகும் ஆண்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் கூடுதலாகவே செலவழிப்பார்கள். பாரை மீன் நன்றாக இருக்கிறது என்று இரண்டு கிலோ வாங்கி வந்து, அதைக் கழுவி வெட்டுகிற வேலையை மனைவியிடம் விட்டுவிடுவார்கள். துண்டில் எழுதிக்கொடுத்ததை மட்டும் வாங்குங்கள், மீனை வெட்டுவித்துக் கொண்டுவாருங்கள், நாலு மணித் தேநீரை நீங்களே போடுங்கள். இப்படிச் சொல்வது என் எல்லையை மீறுவதாக உங்களுக்குத் தோன்றலாம். ஒரு குடும்பம் இளைப்பாறுகிறதா, குடும்பத்தில் ஒருவர் மட்டும் இளைப்பாறுகிறாரா என்பது கணக்கில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

சகோதரி, அவர் பில்களை எடுத்துப் பார்ப்பதைச் சந்தேகம் என்று நினைத்து நோகாதீர்கள். மாதம் முடிந்தால் சம்பளம் வரும் என்ற நிச்சயத்தோடு வாழ்ந்த மனிதர். இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு தொகை, இனி அது வளராது என்று நினைக்கிறார். பயந்திருக்கிறார். பயந்தவரின் கைக்கு எட்டுவது கடைப் பில்.

அந்தப் பயம் அவரை எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். 110 இலட்சத்துக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால் வருடத்துக்கு 330,000, மாதத்துக்கு 27,500 ரூபா. உங்கள் கொப்பியில் கூடியது 27,000. வீட்டில் ஒரு ஓட்டை இருப்பதாக நினைத்து, அதே அளவில் ஒரு அடைப்பைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஓட்டை அந்த அளவில் இல்லை என்பதை மேலே பார்த்தோம். அடைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை இப்போது பார்ப்போம். இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு நிறுவனத்தில் ஒரு வைப்பாளருக்கு அதிகபட்சம் 11 இலட்சம் ரூபாவுக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. உங்களிடம் இருப்பது 110 இலட்சம். அந்த நிறுவனத்துக்கு ஏதாவது நடந்தால் பத்தில் ஒரு பங்குதான் காப்புறுதியிலிருந்து கையில் கிடைக்கும். மற்ற ஒன்பது பங்குக்கும் நிறுவனத்தின் சொத்துக்களை விற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2020இல் சில நிதி நிறுவனங்களின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது அந்த எல்லை 6 இலட்சமாக இருந்தது. அப்போது என்னிடம் வந்தவர்களில் அதிகமானோர் சேமலாப நிதிப் பணத்தைப் போட்டிருந்த இளைப்பாறியவர்கள். அவர்களுடைய முகங்களை நான் மறக்கவில்லை. எல்லா நிதி நிறுவனங்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. முழுப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்கிறேன். 11 சதவீதம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று உறுதிப்படுத்திக்கொண்டு, வட்டியோடு சேர்த்து 11 இலட்சத்துக்குள் நிற்கும்படி ஒரு பகுதியை மட்டும் போடட்டும். அதற்கும் இப்போதுள்ள வைப்பை உடைக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் வெட்டு விழும்.

பணம் வேறு ஒரு இடத்தில் கசிகிறது, அதை இருவரும் கவனிக்கவில்லை. 110 இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி வருடத்துக்கு 880,000 ரூபா, மாதத்துக்கு 73,333. உங்களுக்கு வருவது 66,000. குறையும் 7,333 ரூபா சரியாகப் பத்து சதவீதம். அது வங்கி வட்டியிலிருந்து பிடித்துவைக்கும் வரி. 2025 ஏப்ரல் முதல் இந்த வரி 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூடியது. அதே நேரத்தில் தனிநபர் வரி விலக்கின் எல்லை வருடத்துக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மொத்த வருட வருமானம் அந்த 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்தால் இந்த வரியைப் பிடிக்க மாட்டார்கள். அவர் மார்ச் முடிவிலேயே இளைப்பாறிவிட்டதால் ஏப்ரலில் தொடங்கிய இந்த வரி வருடத்தில் சம்பளம் இல்லை. வேறு வருமானமும் இல்லையென்றால் 880,000 எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. இதுவரை பிடிக்கப்பட்ட வரியை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரத்தைக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 இலட்சம் ரூபா வரையான ஒரு வருட வைப்புக்குச் சந்தை வட்டியை விட 3 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. மாதக் கணக்கில் அது 2,500 ரூபா. உங்கள் வைப்பு ஜூலைக்கு முன்பே போட்டது என்பதால், எப்போதிலிருந்து சேர முடியும் என்று வங்கியில் கேளுங்கள். இரண்டையும் கூட்டினால் மாதம் 9,800 ரூபாவுக்கு மேல் வருகிறது. எந்த நிதி நிறுவனத்துக்கும் போகாமல், புதிய ஆபத்து எதுவும் இல்லாமல்.

மருந்துதான் உங்கள் கொப்பியில் இனி வயதோடு ஏறிக்கொண்டே போகக்கூடிய செலவு. இன்று 7,500. அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் என்று பில்களிலிருந்து தெரிகிறது. இவை ஒரு மாதத்தில் முடிகிற செலவுகள் இல்லை. களுபோவில வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். வரிசையில் நிற்க வேண்டும், ஒரு காலைப் பொழுது போகும். அந்தக் காலைப் பொழுது இப்போது அவரிடம் இருக்கிறது. கிளினிக்கில் மாத மருந்து இலவசம். அங்கே கையிருப்பில் இல்லாததை மட்டும் வெளியே வாங்குங்கள். தனியார் வைத்தியரிடம் போனால் மருந்தின் பொதுப்பெயரை எழுதும்படி கேளுங்கள். விலையுயர்ந்த வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப்பெயரில் மருந்து வழங்க வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்துக்கு அடித்தளம் இட்டவரும் அவரே. அதன் ஒசுசல கடைகளில் ஒரு தடவை உங்கள் மருந்துகளின் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "வருசத்துக்கு உடுப்பு, கைவிசேஷம் — வங்கிப் புத்தகத்திலிருந்து 40,000." முன்பு இதைப் போனஸ் தாங்கியது. போனஸ் நின்றுவிட்டது, பண்டிகைகள் நிற்கவில்லை. தீபாவளி வருகிறது, தைப்பொங்கல் வருகிறது, கலியாணவீடுகளும் செத்தவீடுகளும் நம்மைக் கேட்டு வருவதில்லை. இவற்றையும் மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி, காப்புறுதி போன்ற வருடச் செலவுகளையும் ஒரு தாளில் எழுதிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவாகவே ஒதுக்குங்கள். சோலைவரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு மாதம் 5,000 அனுப்புவதை நிறுத்தலாமா என்று ஒரு ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு அழித்திருக்கிறீர்கள். அழித்தது சரி. அதைத் தொடாதீர்கள்.

பத்து வருடத்துக்கு அப்பால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் ஏறியதை நாம் எல்லாரும் அடுப்படியில் அனுபவித்தோம். பிறகு பணவீக்கம் இறங்கியது. ஏறிய விலைகளில் பெரும்பாலானவை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டன. அந்த நாட்களில் வைப்பு வட்டி 20 சதவீதத்துக்கு மேல் போனபோது இளைப்பாறிய சிலர், அந்த வட்டிக்கு ஏற்றபடி வீட்டுச் செலவை அமைத்துக்கொண்டார்கள். இப்போது அதே பணத்துக்கு வட்டி பாதிக்கும் கீழே. மத்திய வங்கி இன்று இலக்காக வைத்திருக்கும் பணவீக்கம் 5 சதவீதம். அது அப்படியே நடந்தால்கூட, நீங்கள் இன்று 112,000 ரூபாவுக்கு வாங்குவதைப் பத்து வருடம் கழித்து வாங்க ஏறக்குறைய 182,000 ரூபா வேண்டும். வட்டி முழுவதையும் சாப்பிட்டுவிட்டால் 110 இலட்சம் அப்போதும் 110 இலட்சமாகவே இருக்கும். ஆகையால் வங்கியில் மீட்கும் அந்த 9,800 ரூபாவைச் செலவுக்கு எடுக்காதீர்கள். மாதாமாதம் தனிக் கணக்கில் விட்டு, வருட முடிவில் வைப்போடு சேருங்கள். மகன் அனுப்பும் 50,000 ரூபாவில் இப்போது அரிசி வாங்குகிறீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவனுக்கும் ஒரு நாள் பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வரும். மருந்துக்கும் பண்டிகைக்கும் அந்தப் பணம், சோற்றுக்கும் மின்சாரத்துக்கும் உங்கள் சொந்தப் பணம் என்று மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டு வாருங்கள். ஒரு மாதம் அவனால் அனுப்ப முடியாமல் போனாலும் அடுப்பு எரியும்.

இனிச் செய்ய வேண்டியதை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கொப்பியின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் நீங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும். வலது பக்கத்தில், வேலையில் இருந்தபோது ஒரு மாதத்தில் தான் என்னென்ன செலவழித்தார் என்பதை அவர் தன் கையால் எழுதட்டும். மறந்துபோனதை நினைவுபடுத்துங்கள், பற்றீஸ் உட்பட. அடுத்த நாள் அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இருவருமாக வங்கிக்குப் போங்கள். வரி செலுத்துநர் இலக்கம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். சுய பிரகடனப் படிவத்தைக் கேளுங்கள், சிரேஷ்ட பிரஜைகளுக்கான வட்டியைக் கேளுங்கள். அங்கே இருக்கும்போதே, அந்த வைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் கடிதத்தில் எல்லா இலக்கமும் இருக்கிறது, உங்கள் பெயர் அந்த வைப்பில் இருக்கிறதா என்பது மட்டும் இல்லை. இல்லையென்று தெரிந்தால், கூட்டுக் கணக்காக மாற்றவோ உங்களை நியமனதாரராகப் பதியவோ என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள்.